அமெரிக்க ஹைஸ்கூல்: தமிழ்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவில் ஹைஸ்கூல் என்பது 9 முதல் 12 வரையிலான நான்கு வகுப்புகள். மாநிலம் ஒரு குறைந்தபட்சத் தேவையை வைக்கும். அதன்மேல் பள்ளி டிஸ்ட்ரிக்ட் (உங்கள் பகுதி அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) தன் பங்குக்குச் சேர்க்கும். அதனால் பக்கத்து ஊர் நண்பர் சொன்ன விதி உங்கள் பள்ளிக்குப் பொருந்தாமல் போகலாம். கீழே வரும் மாநில எடுத்துக்காட்டுகளைப் படித்துவிட்டு, உங்கள் டிஸ்ட்ரிக்ட் ஆண்டுதோறும் வெளியிடும் பாடத் தேர்வுக் கையேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மகள் 9ஆம் வகுப்பில் சேர்கிறாள். பள்ளிப்படிப்பை முடிக்க என்னென்ன தேவை?

இங்கே ஆண்டு இறுதித் தேர்வில் தேறி அடுத்த வகுப்புக்குப் போகும் முறை இல்லை. ஒவ்வொரு பாடத்துக்கும் கிரெடிட் உண்டு. நான்கு ஆண்டுகளில் குறிப்பிட்ட கிரெடிட்கள் சேர்ந்தால் டிப்ளமா கிடைக்கும். (நம்மூர் பாலிடெக்னிக் டிப்ளமா அல்ல, பள்ளி முடித்த சான்றிதழுக்கு இங்கே அதுதான் பெயர்.)

முதலில் குழப்புவது கணக்கிடும் முறை. ஓராண்டுப் பாடத்துக்கு டெக்சாஸில் 1 கிரெடிட், நியூஜெர்சியில் 5, கலிஃபோர்னியாப் பள்ளிகள் பலவற்றில் 10. ஆகவே நியூஜெர்சியில் 120 கிரெடிட் தேவை, டெக்சாஸில் 22தான் என்பதை வைத்து எது கடினம் என்று சொல்ல முடியாது. மாநிலம் மாறும்போது எண்ணைப் பார்க்காமல், எந்தப் பாடம் எத்தனை ஆண்டு என்று பாருங்கள்.

ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல், உடற்கல்வி ஆகியவை பெரும்பாலான இடங்களில் உண்டு. கலைப் பாடம், வேற்று மொழி, நிதியறிவு, உடல்நலக் கல்வி ஆகியவை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சில மாநிலங்களில் தேர்வும் உண்டு. டெக்சாஸில் அல்ஜீப்ரா 1, ஆங்கிலம் 1, ஆங்கிலம் 2, உயிரியல், அமெரிக்க வரலாறு என 'ஸ்டார்' என்னும் ஐந்து மாநிலத் தேர்வுகள். மாசசூசெட்ஸில் எம்.கேஸ் தேர்வில் தேறினால்தான் டிப்ளமா என்ற நிபந்தனையை 2024 நவம்பரில் வாக்காளர்களே நீக்கிவிட்டார்கள். மூத்த பிள்ளைக்கு இருந்த விதி இளையவருக்கும் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

டிப்ளமா கிடைத்தால் கல்லூரிக்குப் போதும்தானே?

போதாது. குடும்பங்கள் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

கலிஃபோர்னியாவை எடுத்துக்கொள்வோம். டிப்ளமாவுக்கு மாநிலம் கேட்கும் குறைந்தபட்சம் 13 ஓராண்டுப் பாடங்கள். அதில் ஆங்கிலம் 3 ஆண்டு, கணிதம் 2 ஆண்டு. ஆனால் யூசி (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்), கால் ஸ்டேட் (கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம்) ஆகிய இரண்டு அரசுப் பல்கலைக்கழகங்களும் கேட்பது 'ஏ-டு-ஜி' என்னும் 15 பாடங்கள்: ஆங்கிலம் 4, கணிதம் 3, அறிவியல் 2, வரலாறு 2, ஆங்கிலம் அல்லாத மொழி 2, கலை 1, விருப்பப் பாடம் 1. ஒவ்வொன்றிலும் சி கிரேடு அல்லது அதற்கு மேல் வாங்க வேண்டும். அதற்குக் கீழான டி வாங்கிய பாடத்துக்குப் பள்ளி பொதுவாகக் கிரெடிட் கொடுத்துவிடும். பல்கலைக்கழகம் அதை எடுத்துக்கொள்ளாது. பள்ளியின் இணையப் பக்கம் 'தேர்ச்சி' என்று காட்டுவதால் பெற்றோர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். 12ஆம் வகுப்பில் விண்ணப்பம் நிரப்பும்போதுதான் ஓட்டை தெரிகிறது. அப்போது அந்தப் பாடத்தைத் திரும்பப் படிக்க நேரம் இருக்காது.

டெக்சாஸில் இதே சிக்கல் வேறு உருவில் வரும். அடிப்படைத் திட்டம் 22 கிரெடிட், எண்டார்ஸ்மென்ட் (ஒரு துறையில் கூடுதல் பாடங்கள்) சேர்த்தால் 26. வகுப்பில் முதல் 10 சதவீதத்துக்குள் வரும் மாணவருக்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் தானாகவே இடம் உண்டு என்ற சட்டம் பலருக்குத் தெரியும். ஆனால் பொதுவாக 'டிஸ்டிங்விஷ்ட்' என்னும் உயர்நிலையில் முடித்திருக்க வேண்டும், அதற்கு அல்ஜீப்ரா 2 கட்டாயம் என்பது பலருக்குத் தெரியாது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தின் வரம்போ 10 சதவீதத்தைவிட இன்னும் குறுகியது.

எனவே 9ஆம் வகுப்பு தொடங்கும்போதே ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள். முதல் பத்தியில் டிப்ளமாவுக்கு வேண்டியவை, இரண்டாவதில் உங்கள் மாநிலப் பல்கலைக்கழகம் கேட்பவை, மூன்றாவதில் பிள்ளை முடித்தவை. ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் டிரான்ஸ்கிரிப்டை (படித்த பாடங்களும் கிரேடுகளும் உள்ள பள்ளிப் பதிவு) வாங்கி மூன்றாவது பத்தியை நிரப்புங்கள். பள்ளி தானாகவே கவனித்துக்கொள்ளும் என்று இருக்க முடியாது. 250 மாணவருக்கு ஒரு கவுன்சிலர் (பாடத் தேர்வில் வழிகாட்டும் பள்ளி ஆலோசகர்) என்பது அமெரிக்கப் பள்ளிக் கவுன்சிலர் சங்கத்தின் பரிந்துரை; பெரும்பாலான பள்ளிகளில் அதைவிட அதிகம் பேரை ஒருவர் பார்க்கிறார்.

இந்தியாவில் 9 அல்லது 10 முடித்துவிட்டு வருகிறோம். என்ன கொண்டுவர வேண்டும்?

கடைசி மூன்று ஆண்டு மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசிப் பதிவு ஆகியவை எல்லாருக்கும் தெரிந்தவை. இன்னும் இரண்டை ஊரில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். ஒன்று, ஒவ்வொரு வகுப்பிலும் கணிதத்திலும் அறிவியலிலும் நடத்திய பாடப் பகுதிகளின் பட்டியல். இன்னொன்று, மதிப்பெண் முறையை விளக்கிப் பள்ளி முத்திரையோடு தரும் கடிதம்.

இரண்டாவது ஏன் முக்கியம் என்றால், இங்கே வழக்கமாக 90க்கு மேல் ஏ, 80களில் பி, 70களில் சி. ஊரில் 78 வாங்கியது நல்ல மதிப்பெண். விளக்கம் இல்லாமல் வந்தால் பதிவாளர் அதை சி என்று ஏற்றிவிடக்கூடும். ஏறிய பிறகு மாற்றுவது பெரும்பாடு. சேர்ந்த முதல் மாதத்திலேயே டிரான்ஸ்கிரிப்டின் நகலைக் கேட்டு, இந்திய மதிப்பெண்கள் எப்படிப் பதிவாகியிருக்கின்றன என்று பாருங்கள்.

கணிதத்திலும் ஒரு முடிச்சு உண்டு. நம் பாடத்திட்டத்தில் இயற்கணிதமும் வடிவியலும் ஒரே புத்தகத்தில் கலந்து வரும். இங்கே பல பள்ளிகளில் அல்ஜீப்ரா 1, ஜியோமெட்ரி, அல்ஜீப்ரா 2 எனத் தனித்தனி ஆண்டுகள். மதிப்பெண் பட்டியலில் வெறும் 'கணிதம்' என்றிருந்தால் பிள்ளையை ஏற்கெனவே படித்த பாடத்தில் உட்கார வைத்துவிடுவார்கள். பாடப் பகுதிப் பட்டியலைக் காட்டி, நிலை அறியும் தேர்வு வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

10 அல்லது 11இல் வந்து சேரும் பிள்ளைக்குக் குறைவது பெரும்பாலும் அமெரிக்க வரலாறு, அரசியலமைப்பு, உடற்கல்வி, கலை. இந்தியாவில் படித்த தமிழையோ இந்தியையோ வேற்று மொழிக் கிரெடிட்டாக ஏற்பார்களா என்று கேளுங்கள். பல பள்ளிகள் கேட்டால்தான் தருகின்றன.

ஒரு வகுப்பு கீழே போடட்டுமா என்று பள்ளி கேட்டால் உடனே மறுக்க வேண்டாம். முழு நான்கு ஆண்டு கிடைப்பது ஆங்கிலத்துக்கும் கல்லூரி விண்ணப்பத்துக்கும் நல்லது. எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான விசா) இருக்கும் பிள்ளை என்றால் மட்டும் 21 வயதுக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். கீழே அதை விளக்கியிருக்கிறோம்.

பள்ளியில் சேர்க்க விசா நிலை தடையாகாது. 'ப்ளைலர் எதிர் டோ' வழக்கில் 1982இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு அதற்கு அரண்.

சேர்க்கைப் படிவத்தில் 'வீட்டில் பேசும் மொழி' என்ற கேள்விக்கு 'ஆங்கிலம்' என்று எழுதிவிடலாமா?

உண்மையை எழுதுங்கள். தமிழ் என்று எழுதினால் பிள்ளைக்கு ஓர் ஆங்கிலத் திறனறி தேர்வு வைப்பார்கள். நன்றாகச் செய்தால் அத்தோடு முடிந்தது. செய்யாவிட்டால் உதவி கிடைக்கும். அது பிள்ளையின் பெயரில் விழும் கறை அல்ல. கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: ஆங்கில உதவி வகுப்பு, ஆங்கிலப் பாடத்துக்கான கிரெடிட்டாக எண்ணப்படுமா, வெறும் விருப்பப் பாடமாக எண்ணப்படுமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பெற்றோருக்கு ஆங்கிலம் சரளமாக வராவிட்டால் பள்ளிக் கூட்டங்களுக்கு மொழிபெயர்ப்பாளரைப் பள்ளி இலவசமாக ஏற்பாடு செய்ய வேண்டும். 1964 குடிமை உரிமைகள் சட்டத்தின் ஆறாம் தலைப்பு தரும் உரிமை அது. ஒரு வாரம் முன்பாகவே எழுதிக் கேளுங்கள். பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தன்னைப் பற்றிய குறையைத் தானே அம்மாவுக்குச் சொல்லும் நிலை எந்தப் பிள்ளைக்கும் வரக்கூடாது.

வாரஇறுதித் தமிழ்ப் பள்ளிப் படிப்புக்குக் கிரெடிட் உண்டா?

அங்கீகாரம் பெற்ற தமிழ்ப் பள்ளியானால் பல டிஸ்ட்ரிக்ட்கள் ஏற்கின்றன. தமிழ்ப் பள்ளி நிர்வாகத்திடமும் ஹைஸ்கூல் கவுன்சிலரிடமும் 9ஆம் வகுப்புக்கு முன்பே கேளுங்கள். முன்அனுமதி இல்லாமல் படித்து முடித்தபின் கேட்டால் மறுக்கும் இடங்கள் உண்டு. இது தவிர, இருமொழித் திறனுக்கான முத்திரை ஒன்று டிப்ளமாவில் பதிக்கப்படுகிறது. கலிஃபோர்னியாவில் 2011இல் தொடங்கிய திட்டம் இது. தமிழுக்கு அவாண்ட் நிறுவனத்தின் ஸ்டாம்ப் தேர்வு இருக்கிறது. பேசத் தெரிந்த பிள்ளைகள் தடுமாறுவது எழுதும் பகுதியில்தான். தட்டச்சுப் பயிற்சியை ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள்.

எத்தனை ஏ.பி. பாடம் எடுக்க வேண்டும்?

ஏ.பி. என்பது ஹைஸ்கூலிலேயே படிக்கும் கல்லூரித் தரப் பாடம். எத்தனை எடுப்பது என்பதற்கு மந்திர எண் கிடையாது. உங்கள் பள்ளியில் என்ன கிடைக்கிறதோ, அதை வைத்துத்தான் கல்லூரிகள் எடைபோடுகின்றன. ஏ.பி. வகுப்பில் வாங்கும் கிரேடு வேறு, மே மாதத் தேர்வில் 1 முதல் 5 வரை வரும் மதிப்பெண் வேறு. தேர்வுக்கான பதிவு நவம்பரிலேயே முடிந்துவிடுகிறது. பிறகு சேர்ந்தால் தாமதக் கட்டணம்.

ஜி.பி.ஏ. என்னும் கிரேடு சராசரியில் ஏ என்பது 4, பி என்பது 3. பல பள்ளிகள் ஏ.பி.க்கு ஒரு புள்ளி கூட்டிப் போடும். '4.6' என்ற எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். பல கல்லூரிகள் தங்கள் முறையில் மறுபடி கணக்கிடும். யூசி வளாகங்கள் 10, 11ஆம் வகுப்பு கிரேடுகளைத்தான் ஜி.பி.ஏ.யில் சேர்க்கின்றன. எஸ்.ஏ.டி. என்னும் கல்லூரி நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணைச் சேர்க்கைக்கு அவை பார்ப்பதே இல்லை.

12இல் கால்குலஸ் எடுக்க நினைத்தால், வழக்கமான வரிசைப்படி 8ஆம் வகுப்பிலேயே அல்ஜீப்ரா 1 முடிந்திருக்க வேண்டும். தவறியிருந்தால் ஜியோமெட்ரியைக் கோடையிலோ, அல்ஜீப்ரா 2வோடு ஒரே ஆண்டிலோ எடுக்கலாம்.

கல்லூரிப் பாடத்தைப் பள்ளியிலிருந்தே படிக்கும் டூயல் என்ரோல்மென்ட் செலவை மிச்சப்படுத்தும். ஆனால் அதில் வாங்கும் கிரேடு பிள்ளையின் நிரந்தரக் கல்லூரிப் பதிவில் ஏறும். 16 வயதில் வாங்கிய ஒரு எஃப் (தோல்வி), பின்னாளில் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போதும் காட்டப்பட வேண்டியிருக்கும்.

மகனுக்கு ஒரு பாடத்தில் எஃப் வரும்போல இருக்கிறது. யாரிடம் போவது?

முதலில் அந்த ஆசிரியருக்கு மின்னஞ்சல். "எந்தெந்தப் பணிகள் நிலுவையில் உள்ளன, எதை இன்னும் ஒப்படைக்கலாம், மறுதேர்வு உண்டா" என்ற மூன்றை மட்டும் கேளுங்கள். எஃப் வருவதற்கு அறிவுக்குறைவைவிட ஒப்படைக்காத வீட்டுப்பாடமே அதிகம் காரணமாகிறது. பூஜ்யம் ஒவ்வொன்றும் சராசரியை இழுத்துத் தள்ளும். ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் கவுன்சிலர், அதற்குப் பிறகு துணை முதல்வர்.

பாடத்தைக் கைவிடக் கடைசி நாள் ஒன்று உண்டு. அதற்குள் விட்டால் பதிவில் தடயம் இருக்காது. தாண்டினால் 'விலகினார்' என்றோ எஃப் என்றோ பதிவாகும். தோற்ற பாடத்தைக் கோடைப் பள்ளியிலோ இணைய வழியிலோ மீட்கலாம். பழைய எஃப் அழியுமா, இரண்டும் நிற்குமா என்பது டிஸ்ட்ரிக்ட் விதியைப் பொறுத்தது.

பிள்ளைக்குக் கற்றலில் சிரமம் இருக்கிறதோ என்று சந்தேகம். என்ன செய்வது?

வாய்மொழியாகச் சொன்னால் கடிகாரம் ஓடத் தொடங்காது. "சிறப்புக் கல்விச் சேவைக்கு என் பிள்ளை தகுதியுடையவரா என்று முழு மதிப்பீடு செய்யக் கோருகிறேன்" என்று எழுதி, தேதியிட்டு அனுப்புங்கள். ஐ.டி.ஈ.ஏ. என்ற மத்தியச் சட்டப்படி, நீங்கள் சம்மதக் கையெழுத்திட்டதிலிருந்து 60 நாட்களுக்குள், அல்லது உங்கள் மாநிலம் வைத்திருக்கும் கெடுவுக்குள், மதிப்பீடு முடிய வேண்டும். தகுதி உறுதியானால் 30 நாட்களுக்குள் ஐ.ஈ.பி. (பிள்ளைக்கென எழுதும் தனிக் கல்வித் திட்டம்) கூட்டம். பள்ளியின் மதிப்பீட்டில் உடன்பாடு இல்லையென்றால் வெளியாரின் மதிப்பீட்டைப் பள்ளிச் செலவில் கேட்கலாம். ஐ.ஈ.பி. தாளில் அன்றே கையெழுத்திட வேண்டிய கட்டாயம் இல்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படியுங்கள்.

தனி வகுப்போ சிறப்புப் பாடமோ வேண்டாம், தேர்வில் கூடுதல் நேரம், முன்வரிசை இருக்கை போன்ற வசதி போதும் என்றால் 504 திட்டம். நல்ல மதிப்பெண் வாங்கும் பிள்ளைக்கும் அது உண்டு. எஸ்.ஏ.டி.யில் அதே வசதி வேண்டுமானால் அதை நடத்தும் கல்லூரி வாரியத்தின் அனுமதி தனியாகத் தேவை. ஏழு வாரம் வரை ஆகலாம்.

16 வயதாகும்போது நடப்பில் இருக்கும் ஐ.ஈ.பி.யில் பள்ளிக்குப் பிந்தைய வாழ்க்கைக்கான திட்டம் இடம்பெற வேண்டும். டெக்சாஸ், நியூஜெர்சி போன்ற இடங்களில் 14இலேயே. வழக்கமான டிப்ளமாவைப் பெற்றுக்கொண்ட அன்றே ஐ.ஈ.பி. உரிமை முடிந்துவிடும் என்பதை மறவாதீர்கள். வேலைப் பயிற்சி, தனியே பயணம் செய்யும் பயிற்சி போன்றவை இன்னும் தேவைப்படும் பிள்ளைக்கு 18 வயதில் டிப்ளமாவை அவசரமாக வாங்குவது பெரிய இழப்பு. கல்லூரியில் ஐ.ஈ.பி. கிடையாது, மாணவரே ஊனமுற்றோர் சேவை அலுவலகத்தில் போய்க் கேட்க வேண்டும். எனவே 11ஆம் வகுப்பிலிருந்து ஐ.ஈ.பி. கூட்டத்தில் பிள்ளையைப் பேச விடுங்கள்.

உறவினருக்குத் தெரிந்துவிடுமே என்று தயங்கிக் காலம் கடத்தும் வீடுகள் நம்மிடையே நிறைய. இந்த ஆவணங்கள் ரகசியமானவை, டிரான்ஸ்கிரிப்டில் வராது.

நாங்கள் எச்-1பி, பிள்ளை எச்-4. எதற்கெல்லாம் தடை?

பள்ளியில் படிப்பதற்குத் தடை இல்லை. சம்பள வேலைக்கு உண்டு: கோடையில் கடையில் நிற்பதோ, ஊதியம் தரும் இன்டர்ன்ஷிப்போ கூடாது. எச்-4 வேலை அனுமதி என்பது தகுதியுள்ள கணவன் அல்லது மனைவிக்கு மட்டும், பிள்ளைகளுக்கு அல்ல. நூலகம், உணவு வங்கி போன்ற இடங்களில் தொண்டு செய்யலாம்.

மத்திய அரசின் கல்வி உதவி எச்-4 பிள்ளைக்குக் கிடைக்காது. மாநிலவாசிக் கட்டணம் (அந்த மாநிலத்தில் குடியிருப்போருக்கான குறைந்த கட்டணம்) பல மாநிலங்களில் கிடைக்கும். இதில் பல்கலைக்கழகத்தின் குடியிருப்பு நிர்ணய அலுவலகத்தின் சொல்தான் இறுதி. 11ஆம் வகுப்பிலேயே மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைச் சேமித்து வையுங்கள். சேர்க்கை அலுவலகத் தொலைபேசியில் யாரோ சொன்னதை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

21 வயதில் எச்-4 முடிந்துவிடும். கிரீன் கார்டு வரிசையில் இருப்பவர்களுக்கு, வேலை தரும் நிறுவனம் போடும் ஐ-140 மனு நிலுவையில் இருந்த நாட்களைப் பிள்ளையின் வயதிலிருந்து கழிக்க ஒரு சட்டம் உள்ளது. ஆனால் இந்தியர்களின் வரிசை நீளத்துக்கு அந்தக் கழிவு பலருக்குப் போதுவதில்லை. அப்படியானால் கல்லூரி நடுவே எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டிவரும். மாறியபின் கட்டணம் வெளிநாட்டு மாணவர் அளவுக்கு ஏறுமா என்பதைக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன்பே கேளுங்கள். குடிவரவு வழக்கறிஞரை 20ஆவது பிறந்தநாளுக்கு முன் பார்ப்பது நல்லது. மாற்று மனுவுக்குப் பல மாதங்கள் ஆகலாம்.

மகள் இங்கே பிறந்தவள், நாங்கள் விசாவில். ஃபாஃப்சா (மத்திய அரசின் கல்வி உதவிக்கான விண்ணப்பம்) போடலாமா? ஊரில் உள்ள சொத்தைக் காட்ட வேண்டுமா?

போடலாம். பார்ப்பது மாணவரின் குடியுரிமையை, பெற்றோருடையதை அல்ல. சமூகப் பாதுகாப்பு எண் இல்லாத பெற்றோரும் கணக்கு தொடங்கலாம். படிவம் வழக்கமாக அக்டோபர் 1ஆம் தேதி திறக்கும். இரண்டு ஆண்டு முந்தைய வருமான வரிக் கணக்கைக் கேட்கும். 2026-27 கல்வியாண்டுக்கு 2024 வரிக் கணக்கு.

சொத்தில், நீங்கள் குடியிருக்கும் வீடும் ஓய்வூதியக் கணக்குகளும் ஃபாஃப்சாவில் சேராது. சென்னையில் வாடகைக்கு விட்ட ஃபிளாட், ஊரில் உங்கள் பெயரில் இருக்கும் மனை, வங்கி வைப்புத்தொகை எல்லாம் சேரும். கடன் போக நிகர மதிப்பை எழுத வேண்டும். மறைத்துக் கையெழுத்திடுவது மத்திய அரசிடம் பொய் சொல்வதாகும். விசாவில் இருப்பவர்கள் அந்த ஆபத்தை நினைத்தும் பார்க்கக்கூடாது. தனியார் கல்லூரிகள் பல கேட்கும் சி.எஸ்.எஸ். ப்ரொஃபைல் என்ற படிவம் குடியிருக்கும் வீட்டின் மதிப்பையும் கேட்கக்கூடும்.

விண்ணப்பிக்கும் முன்பு ஒவ்வொரு கல்லூரியின் தளத்திலும் உள்ள நிகரச் செலவுக் கணிப்பானில் உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். அறிவித்த கட்டணத்தைப் பார்த்து மிரண்டு நல்ல கல்லூரியை விட்டவர்களும் உண்டு, கட்ட முடியாத கல்லூரியில் இடம் வாங்கித் தவித்தவர்களும் உண்டு.

11, 12ஆம் வகுப்பில் எப்போது என்ன?

11இன் அக்டோபரில் எஸ்.ஏ.டி.யின் முன்னோட்டமான பி.எஸ்.ஏ.டி.; நேஷனல் மெரிட் உதவித்தொகைக்கு எண்ணப்படுவது அதுதான். வசந்த காலத்தில் எஸ்.ஏ.டி. அல்லது ஏ.சி.டி. கோடை விடுமுறைக்கு முன்பே இரண்டு ஆசிரியர்களிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டுவிட வேண்டும். செப்டம்பரில் கேட்டால் அவர்கள் கையில் ஏற்கெனவே நிறைய இருக்கும். காமன் ஆப் (பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பம்) ஆகஸ்ட் 1 அன்று திறக்கும்: கட்டுரை 650 சொல்லுக்குள், செயல்பாடுகள் பத்து. முன்கூட்டிய விண்ணப்பங்கள் பெரும்பாலும் நவம்பர் 1, வழக்கமானவை ஜனவரித் தொடக்கம், முடிவு சொல்ல வேண்டிய நாள் பொதுவாக மே 1.

'ஏர்லி டிசிஷன்' என்பது கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்; இடம் கிடைத்தால் சேர்ந்தாக வேண்டும். உதவித்தொகைகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய குடும்பத்துக்கு அது ஒத்துவராது. இடம் கிடைத்தபின் 12இன் கடைசி செமஸ்டரில் கிரேடு சரிந்தால் கல்லூரி அனுமதியைத் திரும்பப் பெறலாம்; இறுதி டிரான்ஸ்கிரிப்டையும் கேட்டு வாங்குகிறார்கள்.

கம்யூனிட்டி காலேஜ் (உள்ளூர் இரண்டாண்டுக் கல்லூரி) போனால் தரம் குறைந்துவிடாதா?

குறையாது. முதல் இரண்டு ஆண்டு அங்கே, மீதி இரண்டு ஆண்டு பல்கலைக்கழகத்தில் என்று முடித்தாலும் கையில் வரும் பட்டம் பல்கலைக்கழகத்தினுடையதே. கலிஃபோர்னியாவில் ஆறு யூசி வளாகங்கள், நிபந்தனைகளை நிறைவேற்றும் கம்யூனிட்டி காலேஜ் மாணவருக்கு இடத்தை முன்கூட்டியே உறுதி செய்கின்றன. கவனம் வேண்டியது பாட மாற்றத்தில்: எந்தப் பாடம் எந்தப் பட்டத்துக்கு ஏற்கப்படும் என்ற ஒப்பந்தப் பட்டியலைப் பார்க்காமல் எடுத்தால் ஓர் ஆண்டு வீணாகும்.

18 வயது ஆனபின் மகனின் கிரேடைப் பார்க்க முடியவில்லையே?

மாணவர் பதிவுகளின் ரகசியம் காக்கும் ஃபெர்பா சட்டப்படி 18 வயதிலோ, கல்லூரியில் சேர்ந்தவுடனோ அந்த உரிமை மாணவருக்குப் போய்விடும். கட்டணம் கட்டுவது நீங்களே ஆனாலும் அவர் சம்மதப் படிவம் தர வேண்டும். மருத்துவமனையிலும் அப்படித்தான். வெளியூர்க் கல்லூரிக்குப் புறப்படும் முன் மருத்துவ முடிவெடுக்கும் அதிகாரப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கி நகலைத் தொலைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

மகள் தூங்குவதே இல்லை, எதற்கும் எரிந்து விழுகிறாள். படிப்புச் சுமைதானா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஐந்து ஏ.பி.யும் நடனமும் போட்டித் தேர்வுப் பயிற்சியும் சேர்ந்தால் இரவு ஐந்து மணி நேரத் தூக்கம்கூடக் கிடைக்காது. வாரத்தின் மணிக்கணக்கைப் பிள்ளையோடு உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். எதை எடுப்பது என்று அவளே சொல்லட்டும். செமஸ்டர் மாறும்போது ஏ.பி. வகுப்பிலிருந்து சாதாரண வகுப்புக்கு மாற்றலாமா என்று கவுன்சிலரிடம் கேட்கலாம். எந்தக் கல்லூரியும் ஒரு ஏ.பி. குறைந்ததற்காகக் கதவை மூடிவிடாது.

இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, சாப்பாடும் நண்பர்களும் விலகிப்போனாலோ பள்ளியின் மனநல ஆலோசகரையும் குடும்ப மருத்துவரையும் பாருங்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற தொனியில் ஒரு சொல் வந்தாலும் அதட்டாமல், "உயிரை விடுவது பற்றி யோசிக்கிறாயா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். பெற்றோரும் அழைத்து என்ன செய்வதென்று கேட்கலாம். அன்றிரவு அவளைத் தனியே விடாதீர்கள்.